வாயசைத்த கிறிஸ்துமஸ்

நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்போது பிரஷர், மீதிப் பேருக்குச் சர்க்கரை. இரண்டும் சேர்ந்து வாய்த்தவர்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறார்கள். போன வாரம் அந்தக் குழுவில் யாரோ நம் பள்ளிக்கூட வராந்தாவின் பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். படத்தில் மழை பெய்கிறது. கீழே ஆளாளுக்கு அடி வாங்கிய கதைகளை எழுதியிருந்தீர்கள். எனக்கு மட்டும் அந்தப் படத்தைப் பார்த்ததும் மைதா பசையின் வாசனை வந்தது. அதைக் குழுவில் எழுத முடியாது, நீளம் அதிகம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு டிசம்பர் என்றால் அரைப் பரீட்சையும் கிறிஸ்துமஸும் ஒன்றாகத்தான் வரும். காலையில் பரீட்சை, மதியத்துக்கு மேல் ஸ்டார் கட்டுவது. நெற்றி நிறையத் திருநீறு பூசி வருகிற பையன்கள்தான் எங்களைவிட மும்முரமாக நின்று கட்டினார்கள். மூங்கிலைச் சீவிக் கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே பல்பு தொங்கவிடுவோம். பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலக்க வேண்டும். விரலெல்லாம் நீலமாகி, அதோடு போய்ப் பரீட்சை எழுதி, விடைத்தாளிலும் நீலம் படியும். ஒரு சவுக்குக் கிளையை வாளி மணலில் நட்டு, பஞ்சைப் பிய்த்துப் பனியாக்குவோம். வெளியே வடகிழக்கு மழை கொட்டும், ஆற்றில் செந்தண்ணீர் போகும், உள்ளே நாம் பனிக்குப் பஞ்சு பிய்த்துக்கொண்டிருப்போம்.

தலைமையாசிரியரின் அறிவிப்புகளும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழையானதால் பிரேயர் வராந்தாவில் நடக்கும். மைக் முதலில் ஒரு முறை அலறி அடங்கும். நூலகப் புத்தகங்களை லீவுக்கு முன் திருப்பித் தந்துவிட வேண்டும். விடுதிப் பையன்களைக் கூட்டிப்போக வீட்டிலிருந்து பெரியவர் யாராவது வர வேண்டும், தனியே அனுப்பமாட்டோம். ஏழைகளுக்கு ஆளுக்கொரு உழக்குப் பச்சரிசி, வண்டு விழுந்த அரிசி கூடாது. முடி வெட்டியிருக்க வேண்டும். வெடி கொண்டு வந்தால் பெற்றோரைக் கூட்டி வர வேண்டும். கடைசியாக, குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்: கீத ஆராதனையில் முதல் பாட்டு முடிகிறவரை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

அது நம் பள்ளிக்கூடத்தின் வழக்கம். லீவு விடுகிற அன்று சாயங்காலம் பள்ளிக்கூடக் கோயிலில், அதாவது சர்ச்சில், எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். பின்வாசலுக்கு வெளியே பாடகர் குழு நிற்கும். ஆர்மோனியம் கிடையாது. இருட்டில் ஒரே ஒரு பையன் முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவான். பெற்றோர், பையன்கள், அழைப்பில் வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் பீடத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்து கேட்பார்கள். சரணம் முடிந்ததும் குழுவில் எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டு, கையில் மெழுகுவத்தியோடு நடுவழியாக நடந்து வருவோம். அந்த ஒற்றைப் பையன் ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் நான்தான். அப்போது உங்களில் சிலர் என்னை எப்படியெல்லாம் கேலி செய்தீர்கள் என்பதை மறந்துவிடவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நான் அந்தப் பாட்டுக்காகக் காத்திருந்ததற்கு வேறு ஒரு காரணம் இருந்தது. அம்மா வருகிறாள். நான் ஆறாம் வகுப்பு முடித்த லீவில் அம்மா சவுதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். வீட்டில் அப்பா, நான், அப்பாவின் அக்கா. அத்தைதான் சமையல். அப்பா மின்சார வாரியத்தில் கிளார்க். நான் பாடத் தொடங்கியதே அம்மா போன பிறகுதான், ஆகவே அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் அதைப் பெருமையாக எழுதுவார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்துவிட்டது, பையன் பாட்டுக்கு முன் வந்துவிடுவேன் என்று அம்மா பதில் எழுதியிருந்தாள். வேறு எதற்கும் நான் அந்த வருஷம் ஆசைப்படவில்லை.

டிசம்பர் பிறந்ததும் என் தொண்டை சதி செய்தது. ஒத்திகையில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் போகவில்லை. போகாததோடு விடாமல், கீழே விழுந்து, திரும்பிக் கீச்சென்று எழுந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். பாட்டு சார் கையை உயர்த்தினார்.

"ஏலே, என்ன பண்ணித் தொலச்ச? ஆத்துல போய்க் குதிச்சியா?"

"இல்ல சார்."

"குச்சி ஐஸ் தின்னியா?"

"மழைக்குள்ள எவன் சார் ஐஸ் விக்கான்?"

"எதுத்துப் பேசாத. தொண்ட நல்லாக் கட்டிருக்கு. இன்னையில இருந்து கடைசி ஒத்திக வர வாயே தொறக்கப்படாது. பேச்சே கூடாது, கேட்டியா?"

பாட்டு சார் நல்ல மனிதர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வருஷம்தான் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நமக்கு மாற்றலாகி வந்திருந்தார். அதுவரை பெண் பிள்ளைகளுக்குத்தான் பாட்டுச் சொல்லித் தந்தவர். போன வருஷம் வெண்கல மணி மாதிரி இருந்த குரல் இந்த வருஷம் நடுவழியில் இரண்டாகப் போவதை அவர் பார்த்திராதவர். அவரும் ஒரு காலத்தில் பதினாலு வயதைத் தாண்டித்தானே வந்திருப்பார் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்பாவும் தாண்டியவர்தான். தன் குரல் என்றைக்கு மாறியது என்று ஆண்பிள்ளை எவனும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது. உங்களுக்கு ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்.

வீட்டில் வைத்தியம் தொடங்கியது. அப்பா தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று உத்தரவு போட்டார். அத்தை சுக்கு, மிளகு, சித்தரத்தை எல்லாவற்றையும் தட்டிப் போட்டுக் கசாயம் வைத்தாள். அதைக் குடித்ததும் வாயில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு பனங்கற்கண்டு. காலையிலும் மாலையிலும் கற்பூரவல்லி இலை. ராத்திரி கழுத்தில் மப்ளர். பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஓய்வுபெற்ற தாசில்தார், சிவபூஜை முடிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். அவர்கூட அப்பாவைக் கூப்பிட்டு, "என்ன வே, பையன் தொண்ட எப்படி இருக்கு? அங்கன கோயில்ல நம்ம தெரு மானத்த இவன்தான காப்பாத்தணும்?" என்று விசாரித்தார். நான் பேசுவதையே நிறுத்தியிருந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான்.

அம்மாவைக் கூட்டி வர அப்பாவும் நானும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவு திறந்து அம்மா தள்ளுவண்டியோடு வந்தாள். நான் மனதில் வைத்திருந்ததைவிடக் குள்ளமாகத் தெரிந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எய்யா, அம்மான்னு கூப்புடு, ஒரு தடவ" என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டு, "அவன் பேசமாட்டான். பாட்டுக்காவக் கொரலக் காப்பாத்துதான்" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டாள். வழியெல்லாம் கையைப் பிடித்தபடியே இருந்தாள். பெட்டியில் எனக்கென்று ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டு வந்திருப்பதாகவும், என் பாட்டை அதில் பிடித்துக்கொண்டு போகப் போவதாகவும், கூட வேலை செய்கிற நர்ஸுகள் எல்லோரும் கேட்கக் காத்திருப்பதாகவும் சொன்னாள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

அம்மா நர்ஸ் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்த வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. தொண்டைக்கு மருந்து தெரிந்த ஒரே ஆள் வந்து இறங்கியிருக்கிறாள், அவள் எதிரில்தான் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

லீவு விடுகிற அன்று மத்தியானம் கடைசி ஒத்திகை. அத்தனை நாள் பேசாமல் காப்பாற்றிய குரலை அன்றுதான் வெளியே எடுத்தேன். முதல் வரி தாண்டவில்லை. ஒரே சொல்லில் பாதி அப்பா குரல், பாதி ஆட்டுக்குட்டி. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாட்டு சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். விடுதியில் தங்கிப் படிக்கிறவன், ராதாபுரம் பக்கம் பனங்காட்டு ஊர். அவனைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று பாடினான். எங்கும் இடறாமல் பாடினான்.

"நீ லைனை விட்டுப் போவாண்டாம்" என்று பாட்டு சார் என்னிடம் பைய சொன்னார். "பின்னால நின்னுக்கோ. அங்கி போட்டுக்கோ. வாய மட்டும் அசச்சாப் போதும். சத்தம் வரப்படாது."

வீட்டுக்கு ஓடினேன். முன்னறையில் அம்மா என் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆச்சியிடம், "எம் புள்ள தனியாப் பாடுதான், நீங்களும் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அப்பா வாளிக் கயிற்றைச் சுருட்டி மாட்டினார்.

"இப்பச் சொல்லாண்டாம். கெளம்புத நேரத்துல அவ மொகம் வாடிரும். முடிஞ்சு வரட்டும், நானே சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. விளக்குகள் அணைந்தன. பின்வாசலில் ஈரச் செருப்புகளுக்கு நடுவே நின்றோம். ஆறாம் வகுப்புப் பையன் பாட ஆரம்பித்தான். உள்ளே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வலதுபுறம் மூன்றாவது வரிசையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அது அம்மாவின் டேப் ரிக்கார்டர். கையில் மெழுகுவத்தி, அடியில் மெழுகு வழியாமல் இருக்க ஓட்டை போட்ட அட்டை. மற்றவர்களோடு நானும் நடந்தேன், வாயைப் பெரிதாகத் திறந்து மூடினேன். அம்மாவைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்த்துக் கண்ணீரோடு தலையசைத்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக வாயசைத்ததில்லை.

வெளியே வந்ததும் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அதே கொரலுலே. நான் விட்டுட்டுப் போவும்போது எப்படி இருந்துச்சோ அதே கொரலு. நீ மாறவே இல்ல" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவள் விட்டுப் போன வயதுப் பையன்தான் பாடியிருக்கிறான். பக்கத்து வீட்டு ஆச்சி கண்ணைத் துடைத்தாள். பாட்டு சார் இந்தப் பக்கம் வரவே இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா குடையை விரித்து, மடக்கி, விரித்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அப்பா சொல்லவில்லை. மறுநாள் கேட்டேன். "அந்தக் கேசட்ட எத்தன தடவ போட்டுக் கேட்டுட்டா பாத்தியா? இப்பப் போய்ச் சொல்லுததா? பைய சொல்லிக்கிடலாம், நீ ஒண்ணும் உளறிராத" என்றார். வருகிறவர்களுக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் கேசட்தான். அது ஓடும்போதெல்லாம் நான் புறவாசலுக்குப் போய்விடுவேன். பாட்டு முடிந்துவிட்டதால் பேசாமல் இருப்பதற்கு இனிக் காரணமும் இல்லை. ஆனால் பேசினால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். சாப்பிடக் கூப்பிட்டால் தலையாட்டுவேன். ஏதாவது கேட்டால் காற்றுக் குரலில் "ம்" என்பேன். அம்மா அறைக்குள் வந்தால் நான் வெளியே போவேன். அப்பா செய்தது அன்பினால்தான். அந்த அன்புக்காக நான் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அத்தையும் அம்மாவும் அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் புறவாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாக அம்மாவின் குரல் கேட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேங்கான் மைனி. கோயில்ல அப்படிப் பாடுதவன் வீட்டுல ஊமையா இருக்கான்."

"கூச்சமாருக்கும் தாயி. வயசுப் பையம்லா."

"கூச்சம் இல்ல, கோவம். விட்டுட்டுப் போனவதான இவன்னு நெனைக்கான். அவன் கோவப்படட்டும். ஆனா ஒரு தடவ அம்மான்னு சொல்லிட்டுக் கோவப்படலாம்லா?"

அத்தை அடுத்த அச்சை எண்ணெயில் முக்குகிற சத்தம் கேட்டது. எனக்கு உள்ளே ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அப்பாவின் முகம் நினைவு வந்தது. பண்டிகைக்கு எடுத்த புதுச் சட்டை, முந்திரிக்கொத்து, வாசலில் எரிந்த ஸ்டார் எதுவும் என் மனதில் ஒட்டவில்லை. புத்தாண்டு ஆராதனைக்கும் போய் வந்தோம். அம்மா புறப்படுகிற நாள் வந்துவிட்டது.

ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் திருவனந்தபுரம் பஸ் நின்றது. அப்பாவும் கூடப் போகிறார். அத்தையும் நானும் வழியனுப்ப வந்திருந்தோம். பெட்டிகளை ஏற்றிவிட்டு, கூட வேலை செய்கிறவர்களுக்கு அல்வா வாங்க அப்பா கடைக்குப் போனார். அம்மா சன்னலோர ஸீட்டில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. இவளை இப்படியே அனுப்பினால் இன்னும் இரண்டு வருஷம் இதே நினைப்பில்தானே இருப்பாள் என்று தோன்றியது. அப்பா என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

"அம்மா" என்றேன்.

அம்மா திரும்பி, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் யார் என்று பார்த்தாள்.

"நான்தாம்மா. எனக்குக் கோவம்லாம் ஒண்ணும் இல்ல."

'கோ' கட்டையாக வந்தது, 'வம்' கீச்சிட்டது. அம்மா எழுந்து, முட்டி மோதி ஆட்களை விலக்கி, பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். இரண்டு விரலை என் தொண்டையில் வைத்தாள். "எச்சில முழுங்கு" என்றாள். விழுங்கினேன்.

"எப்பத்துல இருந்து?"

"டிசம்பர் பொறந்ததுல இருந்து."

"வலிக்கா? காய்ச்சல் அடிச்சுதா?"

"இல்ல."

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். "கிறுக்குப் பயலே, உனக்கு மகரக்கட்டு ஒடையுதுலே, கொரலு மாறுது. பையம்மாருக்கெல்லாம் ஒடையும். நீ பெரிய ஆளாவுத. இதுக்கா மைனி கசாயம் காச்சிக் குடுத்திய?"

"எனக்கென்ன தெரியும் தாயி? தொண்டன்னாக் கசாயந்தான்" என்றாள் அத்தை.

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ கோயில்ல பாடுனது?"

"ஆறாங் கிளாஸ் பையன். விடுதியில இருக்கான். நான் சும்மா வாயசச்சேன்."

அல்வாப் பொட்டலத்தோடு வந்த அப்பா நாலடி தள்ளியே நின்றுவிட்டார். அம்மா அவரைப் பார்த்தாள். சண்டை வரும் என்று நான் பயந்தேன். அவள் சத்தம் போடவில்லை.

"பாட்ட யாரு பாடுனா எனக்கென்னங்க? இந்தக் கொரலு இத்தன நாளா நம்ம வீட்டுக்குள்ள இருந்திருக்கு. எனக்குக் கேக்கத் தரலையே நீங்க."

அப்பா பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அம்மா கைப்பையைத் திறந்து கேசட்டை எடுத்தாள்.

"அந்தப் பையனோட அம்மா அன்னைக்கு வந்திருந்தாளா?"

"இல்ல. லீவுக்குக் கூட்டிட்டுப் போவ மாமாதான் வந்தாரு."

"அப்போ இது அவளுக்கு உள்ளது. குடுத்திரு."

பள்ளிக்கூடம் திறந்ததும் கொடுத்தேன். அவன் வாங்கித் தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவன் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஏதாவது இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அன்று பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் கொடுத்தார். அப்பாவும் அம்மாவும் ஏறிக்கொண்டார்கள். அம்மா சன்னல் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி என் தோளைப் பிடித்தாள்.

"பேசுலே."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு. நிறுத்தாமப் பேசு."

பேசினேன். கணக்குப் பரீட்சையில் கடைசிக் கணக்கை விட்டுவிட்டதைச் சொன்னேன். அத்தையின் கசாயத்தை முருங்கை மரத்துக்கு ஊற்றியதைச் சொன்னேன். விமானத்தில் பயமாக இருக்குமா என்று கேட்டேன். ஒரு வார்த்தை பாதாளத்தில், ஒரு வார்த்தை மரக்கிளையில். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. அம்மா அடுத்த லீவுக்கு வந்தபோது குரல் உறைந்து ஆம்பளைக் குரலாகிவிட்டது. அது உடைந்துகொண்டிருந்ததை அவள் கேட்டது அந்தச் சில நிமிஷங்கள் மட்டும்தான். பஸ் நகர்ந்தது. நான் கூடவே ஓடிக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் கத்திப் பேசினேன். பஸ் வெளியேறித் திரும்புகிறவரை அம்மா எனக்குக் கையசைக்கவில்லை. அந்தக் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தாள்.